கூட வந்தவர்களிடம் சொன்னது

வேலூரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஜவ்வாது மலையைத் தெற்கே ஒரு நீலக் கோடாகத்தான் பார்த்து வந்திருக்கிறேன். மழை முடிந்த மாதங்களில் ஆஸ்பத்திரி மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். ஒரு தடவை போய் வர வேண்டும் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் இறந்து சில ஆண்டுகள் கழித்து, இந்தப் பங்குனியில், நான் மட்டும் போனேன். மலையைப் பார்க்கிற ஆசையில் போகவில்லை. அங்கே ஒரு வீட்டை என் வாயால் கெடுத்திருந்தேன்.

நான் மயக்க மருந்து டாக்டர். கெட்டமைன் எனக்குப் பழைய சிநேகம். சின்ன ஆஸ்பத்திரிகளில் பிரசவ ஆபரேஷனுக்கும், தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றவும் அதைத்தான் நம்பியிருந்தோம். அது தெளிகிற நேரத்தில் ஆட்கள் உளறுவார்கள். கடவுளைக் கூப்பிடுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், மனைவி அல்லாத வேறொரு பெண்ணின் பேரைச் சொல்வார்கள். நாங்கள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் அதைச் சொல்லிச் சிரிப்போம். வீட்டிலும் சாப்பாட்டு வேளையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் நோயாளிகள் தூங்குகிறவர்கள். நான் பேசியதெல்லாம் கூட வந்தவர்களிடம்தான். அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அதே மருந்து வேறு வேடத்தில் என்னிடம் வந்தது. சிறிய அளவில், சலைனில் கலந்து, மெதுவாக ஏற்றினால் மற்ற மாத்திரைகளுக்கு அசையாத மனச்சோர்வு சிலருக்கு இளகுகிறது. எல்லோருக்கும் கேட்பதில்லை. கேட்டவர்களுக்கும் நிலைப்பதில்லை, இடைவெளி விட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. அங்கே பார்த்ததை இங்கே கொண்டுவந்து தூக்கமில்லாமல் கிடப்பவர்களும் குறைவில்லை. தெரிந்த மனநல டாக்டர் ஒருவர், என் மகள் வயதுப் பெண், தன் சின்ன கிளினிக்கில் அவர்களுக்கு இதைக் கொடுத்து வந்தார். மருந்து ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சனிக்கிழமைதோறும் போய் உட்கார்ந்தேன். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அங்கே வந்தவர்களில் ஒருவர் அண்ணாமலை. மலையில் பிறந்து, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவை உயிரை விடப் போனவரை மனைவி காசியம்மாள் இழுத்து வந்திருக்கிறார். மருந்து அவருக்குக் கேட்டது. தூங்கினார், சவரம் செய்துகொண்டார், மனைவியிடம் கறிக்குழம்பில் உப்புக் குறைவு என்று குறை சொன்னார். காசியம்மாள் அதைச் சிரித்தபடி எங்களிடம் வந்து சொன்னார்.

ஒரு சனிக்கிழமை, மருந்து பாதி ஏறியிருந்தபோது, கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்தார். காசியம்மாளின் தம்பி வேலு. அவனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டதே அண்ணாமலைதான். எல்லையில் பனி சரிந்தபோது வேலு அடியில் மாட்டிக்கொண்டான். மேலே இன்னொரு சரிவு வருகிற மாதிரி இருந்தது. யாராவது குரல் கேட்டீர்களா என்று அதிகாரி கேட்டார். அண்ணாமலைக்குக் கேட்டிருந்தது. மச்சான் மச்சான் என்று கூப்பிடுகிற குரல். தன்னோடு இருந்த ஆட்களைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டார். எல்லோரும் இறங்கினார்கள். ஊரில், தம்பி உடனே போய்விட்டான், வலி தெரிந்திருக்காது என்று சொன்னார்.

நான் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அதோடு விட்டிருக்க வேண்டும். வெளியே வந்தேன், பெஞ்சில் காசியம்மாள் இருந்தார், பழக்கம் என்னைத் தள்ளியது. "உங்க தம்பி குரல் கேட்டும் விட்டுட்டு வந்துட்டோமேன்னுதான் உள்ளுக்குள்ள உருகறார். அது அவர் தப்பு இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றேன். காசியம்மாளுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்று பிறகு டாக்டரிடம் சொன்னேன். அது பொய். தெரியுமா தெரியாதா என்று நான் யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அண்ணாமலை வரவில்லை. போன் எடுக்கவில்லை. இடைவெளி நீண்டால் பழைய இருட்டு திரும்பிவிடும் என்று டாக்டர் கவலைப்பட்டார். என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் மலைக்குப் போகாமல் இருந்திருப்பேனோ என்னவோ.

மலையடிவாரத்து ஒடுகத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. நிலக்கடலை மண்டி ஒன்றின் எதிரே டீக்கடை. மசால் வடை வேலூரில் கிடைப்பதைவிடப் பெரிது, காரமும் அதிகம். மேலே போகிற ஜீப் நிரம்பினால்தான் கிளம்பும். டிரைவர் என்னை முன் சீட்டில் உட்கார வைத்தான்.

"பெரியவரே, மேல யாரு வூட்டுக்கு?"

"அண்ணாமலை வீட்டுக்கு."

"மில்ட்ரிகாரு வூடா? அவரு சம்சாரம் கோவிச்சிகினு தாய் வூட்டுக்குப் போய்ட்டாங்களே. இட்டுனு வரப் பேச வந்தீங்களா?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "வாய மூடிகினு வண்டிய ஓட்டுடா. அவரு இன்னா உனக்கு சம்பந்தியா?"

"கேட்டேங்க்கா. கேக்கறதுல இன்னா தப்பு?"

"கேட்டுப்ட்டு போற எடமெல்லாம் ஒலிபரப்புவியே, அதான் தப்பு."

ஜீப்பே சிரித்தது. நான் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். காசியம்மாள் வீட்டை விட்டுப் போன சேதி எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பாதி மலையில் வண்டி நின்றது. எதிரே புளி ஏற்றி வந்த பிக்கப் வளைவில் திரும்பும்போது மூட்டைகள் சரிந்து, ரோடு முழுக்கப் புளி. அறுவடைக் காலம், ஒரு குடும்பத்தின் வருஷத்து வரும்படி அதில் கிடந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி அள்ளினார்கள். நானும் குனிந்தேன். "சார், நீங்க குந்துங்க. அப்பறம் உங்கள அள்ளணும்" என்றாள் அந்தப் பெண். வேலூரில் லாரி கவிழ்ந்தால் ஜனங்கள் அள்ளுவது அவரவர் பையில்தான் போகும். இங்கே மூட்டைக்கே திரும்பப் போனது.

அண்ணாமலையின் வீடு ஊருக்கு ஓரத்தில், தகரக் கூரையோடு இருந்தது. அந்த வெயிலில் பட்டாளத்துக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. பழைய இருட்டு திரும்பிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"வாங்க சார். தண்ணி குடிங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

அடுப்பை மூட்டி, மாவு பிசைந்து சப்பாத்தி சுட்டார். மலையில் களியும் சாமைச் சோறும்தான் சாப்பாடு என்று நினைத்து வந்திருந்தேன். பட்டாளத்தில் கற்றது, பெண் துணை இல்லாத வீட்டில் அதுதான் கை கொடுக்கிறது போலிருக்கிறது. மொச்சைக் குழம்பு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. எனக்கு வைத்தார், தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

"மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன், அண்ணாமலை."

"கேட்டுட்டீங்க இல்ல. சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவராகப் பேசினார்.

"அந்த மருந்து ஏற ஆரம்பிச்சப்பறம்தான் சார், அவகிட்ட சொல்லிடலாம்னு தைரியம் வந்துச்சு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துகினு இருந்தேன். அன்னிக்கு திரும்பிப் போவும்போது பஸ்ல சொல்லிடணும்னு இருந்தேன். வெளிய வந்து பாத்தா அவ மூஞ்சியே வேற மாரி இருக்குது."

"இப்ப சொன்னா என்ன?"

"இப்ப சொன்னா அது மாட்டிகினவன் சொல்றது, சார்."

மருந்து வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இருந்திருக்க முடியாது. அது வேலை செய்த அதே நாளில் நான் அதன் பலனைப் பிடுங்கியிருந்தேன்.

மனைவியை அழைத்து வரப் போனீர்களா என்று கேட்டேன். அவர்கள் வழக்கத்தில் புருஷன் நேரே போய் அழைக்க முடியாது என்றார். ஊருக்குத் தலைவரான கவுண்டரும் பெரியவர்களும் போய்ப் பேச வேண்டும். பேசுவதென்றால் இரண்டு பக்கமும் உட்கார வைத்து என்ன சண்டை என்று கேட்பார்கள். "மாமனார் அங்கதான் குந்தினு இருப்பாரு. அவரு புள்ள சமாச்சாரத்த நான் சபையில சொல்லட்டுமா? அதான் யாரையும் அனுப்பல." காசியம்மாளும் தன் அப்பாவிடம் காரணத்தைச் சொல்லவில்லையாம். இரண்டு பேரும் ஒரு கிழவனுக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மலையில் விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் நான்தான்.

"நான் போயிட்டு வரட்டுமா?"

"போறதுன்னா போங்க. எனக்காக ஒண்ணும் பேசாதீங்க. உங்களுக்காகப் பேசிட்டு வாங்க."

மறுநாள் காலை, காசியம்மாளின் தாய் வீடு இருக்கிற நெல்லிவாசல்நாட்டுக்கு இன்னொரு ஜீப். அதற்கு ஸ்டெப்னி கிடையாது என்பது டயர் பஞ்சரான பிறகு தெரிந்தது. டிரைவர் சக்கரத்தைக் கழற்றி ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மிச்சத் தூரத்தை நடந்தோம். கூட நடந்த ஒருவர் என் கையிலிருந்த பையைக் கேட்காமலேயே வாங்கிக்கொண்டார். ஒத்தையடிப் பாதை, காற்றில் குளிர்ச்சி. இதே நேரம் வேலூரில் மின்விசிறிக்கு அடியிலும் வேர்த்துக்கொண்டிருக்கும். இந்த நடையை என் மனைவிக்குக் கொடுத்திருக்கலாம். லீவு இல்லை, கேஸ் இருக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காசியம்மாள் நாலைந்து பெண்களோடு புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கட்டையைக் கீழே வைத்தார். உள்ளிருந்து அவருடைய அப்பா வந்தார். காது மந்தம், கண் கூர்மை.

"யாருங்க?"

"ஆஸ்பத்திரி டாக்டருப்பா" என்று காசியம்மாள் கத்திச் சொன்னார்.

கிழவர் எனக்குப் பாய் போட்டார். சாமைச் சோறும் புளிக்கரைசலும் வந்தன, மேலே சுட்ட மிளகாய். நான் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன். கை கழுவியதும் கிழவர் நேரே கேட்டார்.

"மருமவனுக்கு இன்னா சீக்கு? இதுங்க ரெண்டும் சொல்ல மாட்டன்றாங்க. நீங்க சொல்லுங்க."

பெண்களின் கைகள் நின்றன. காசியம்மாள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கப் போவதில்லை. ஒரு திருடனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பார்க்கிற பார்வை.

"அவரத்தான் கேக்கணும், பெரியவரே."

"டாக்டரே சொல்லலன்னா அப்பறம் எதுக்குப் படிச்சீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். காசியம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து, "வாங்க சார், தண்ணி எடத்துக்குப் போய்ட்டு வரலாம்" என்று குடத்தை எடுத்துக்கொண்டார்.

குழாயடியில் யாரும் இல்லை. அவர் குடத்தை வைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடவில்லை.

"நான் உங்ககிட்ட அதைச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன். "அது அவரோடது. உங்ககிட்ட எப்ப சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு அவர் முடிவு பண்ணியிருக்கணும். பழக்க தோஷத்துல சொல்லிட்டேன்."

"தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

நான் விழித்தேன்.

"குரல் கேட்டது தெரியாது. ஆனா ஏதோ இருக்குதுன்னு தெரியும். தம்பி பேர எடுத்தாலே எழுந்து போய்டுவாரு. அவனுக்குப் படையல் வெக்கற நாள்ல வூட்லயே இருக்க மாட்டாரு. இத்தினி வருஷமா நான் ஒண்ணும் கேக்கல சார். அவரு வாயால வரட்டும்னு இருந்தேன். ஆஸ்பத்திரில அந்தப் பெஞ்சில குந்தினு, இன்னிக்கு வந்துடும், இன்னிக்கு வந்துடும்னு பாத்துகினு இருந்தேன். நீங்க வந்தீங்க."

சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார். குடம் நிரம்பியதும் கேட்டேன்.

"அவர்மேல கோபமா?"

"இருக்குதா இல்லியான்னே தெரியல. என் தம்பி கூப்பிட்டிருக்கான். அத நெனச்சா சோறு எறங்கல. அவரு கூட நாலு பேரு இருந்தாங்களே, அவங்களும் ஒரு தாய் பெத்த புள்ளைங்கதானே, அதயும் நெனக்கறேன். அவரு ஒரு தடவ முழுசா சொன்னா எதுன்னு எனக்கே தெரிஞ்சிடும். எதிர்ல குந்தி கேட்டேன். தெரிஞ்சிடுச்சில்ல, இனிமே இன்னா சொல்றதுன்னு எழுந்து போய்ட்டாரு. அந்த வூட்ல எப்படி சார் இருக்கறது?"

எனக்காகப் பேசாதீங்க என்று அண்ணாமலை சொல்லியிருந்தார். அதனால் அவர் சாப்பிடாததை, தாடியை, கம்பளிச் சட்டையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஓர் உயிர் விஷயத்தில் வாயை மூடிக்கொள்வதும் தப்பாகப் போய்விடலாம். சனிக்கிழமை கிளினிக்கில் இடம் இருக்கிறது, துணைக்கு ஆள் இல்லாமல் அந்த மருந்தைக் கொடுக்க மாட்டார்கள், இதை மட்டும் சொன்னேன். அவர் எப்படி இருக்கிறார் என்று காசியம்மாள் கேட்டார்.

"நீங்களே ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா தேவலை."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

திரும்பி வந்து, போன இடத்தில் நடந்ததை அண்ணாமலையிடம் சொல்லவா வேண்டாமா என்று தவித்தேன். காசியம்மாள் காத்திருந்தார் என்பதை அவர் அறிந்தால் ஏதாவது அசையலாம். ஆனால் அது காசியம்மாளுடையது. "பாத்தேன். சனிக்கிழமை விஷயம் சொன்னேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அன்றும் எனக்குச் சப்பாத்தி சுட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் கீழே போகிற ஜீப் நிற்கிற புளியமரத்தடிக்குப் பையோடு தனியாக வந்தேன். வரும்போது அண்ணாமலை வீட்டில் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. காசியம்மாள் ஒரு துணிப்பையோடு இறங்கினார். மரத்தடியில் ஏற்கெனவே நின்ற ஜீப்பிலிருந்து, முதல் நாள் பார்த்த அதே டிரைவர் இளித்தான்.

"இன்னா அண்ணி, சமாதானமா? யாரு வந்து இட்டுனு வந்தாங்க?"

"யாரும் வரல. நானா வர்றேன். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போறேன், அவ்வளவுதான். போய் ஒலிபரப்பு."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டான்.

அண்ணாமலை ஓடைப் பக்கமிருந்து வந்தார். குளித்திருந்தார். தாடி அப்படியே இருந்தது, ஆனால் சட்டை வெள்ளைச் சட்டை. மனைவியைப் பார்த்ததும் நடை நின்றது. காசியம்மாள் அவரை உச்சியிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் ஏறிப் பெண்களோடு உட்கார்ந்தார். அண்ணாமலை முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் யாரோ கோழியை மடியில் வைத்திருந்தார்கள், அது மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

ஒடுகத்தூரில் இறங்கியதும் அவருக்கும் ஒரு டீ சொன்னேன்.

"வேணாம் சார். வெறும் வயிறு."

மருந்து ஏற்றுகிற நாளில் சாப்பிடக் கூடாது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், எதிரே இருந்த மண்டியைப் பார்த்தபடி சொன்னார். நான் என் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"வர்றேன் சார். ஆனா ஒண்ணு. நீங்க உள்ள இருக்கக் கூடாது."

"சரி."

"வெளிய பெஞ்சிலயும் இருக்கக் கூடாது."

"சரி, அண்ணாமலை."

வாரத்தில் எனக்கிருந்த ஒரே வேலை அது. டீக்கடை வாசலில், ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் அதை விட்டுக்கொடுத்தேன். அவர் ஒருவருக்காக மட்டும் விடுவது நியாயமாகப் படவில்லை. அந்த அறையில் படுக்கிற எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு, நான் கேட்டதை வெளியே சொன்னவன் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

வேலூர் பஸ் வந்தது. காசியம்மாள் முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார். அண்ணாமலை அந்த வரிசையைத் தாண்டிப் போனார், நின்றார், திரும்பி வந்து அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். காசியம்மாள் தலையைத் திருப்பவில்லை. எழுந்து வேறிடம் போகவும் இல்லை. நான் கீழேயே நின்றேன். அந்த பஸ்ஸில் நான் ஏறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஏறினால் அவர்கள் பேச மாட்டார்கள் என்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஜன்னலருகே போனேன். "இன்னைக்கு எனக்குப் பதிலா கூட இருக்கப் போற நர்ஸ் நல்ல பொண்ணு. நீங்க மருந்துல பேசறது எதுவும் அறையை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு நான் போன் பண்ணிச் சொல்லி வைக்கிறேன்" என்றேன். போனை எடுத்தும்விட்டேன்.

அண்ணாமலை கம்பிக்கு உள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம் சார்."

பஸ் கிளம்பியது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த வேலூர் பஸ் வந்தது. அது போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.